கால் பட்ட வைத்தியம்

2013 செப்டெம்பர் 4

நாரி நோகிறது.

இடுப்புக்குப் பின்னால், முதுகு முடிகிற இடம். எழுதச் சொன்னது வைத்தியர். எப்போது நோகிறது, எப்படி நோகிறது, என்ன செய்யும்போது கூடுகிறது என்று நாள்தோறும் குறித்துக்கொண்டு வந்து காட்ட வேண்டுமாம். என்னுடைய பிரெஞ்சில் எழுதினால் நோவு பாதிதான் வரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். அவரால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாத ஆளுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது.

எப்போது நோகிறது? அரிசி மூட்டை தூக்கும்போது. எப்போது நோகவில்லை? வேறு ஆராவது தூக்கும்போது. பாரிசில், லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவனிடம், பாரம் தூக்க வேண்டாம் முசியே என்றார். ஐயரிடம் போய் மணி ஆட்ட வேண்டாம் என்று சொல்வாரோ? ஒப்பரேசன் என்ற சொல்லையும் மெதுவாக மேசையில் வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். வெட்டினால் மாதக்கணக்கில் கடை பூட்டு. எங்கள் தெருவில் அப்படிப் பூட்டின கடை திரும்பத் திறந்ததை நான் கண்டதில்லை.

குடும்ப விபரமும் கேட்டார். மனைவி கோசலை, காலையில் என்னோடு கடையில் நிற்பாள், மத்தியானத்துக்குப் பிறகு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஒஸ்தெயோவின் கபினேயில் துப்புரவு வேலை. ஒஸ்தெயோ என்றால் எலும்பு நெரித்துவிடுகிற ஆள், கபினே என்றால் அவர் ஆட்களைப் பார்க்கிற அறை. மகள் மிருணாளினி, படிக்கிறாள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வீடு நகரத்துக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில். நோவுக்கும் இதுகளுக்கும் என்ன தொடர்போ.

காலையில் சப்பாத்து லேஸ் அறுந்தது. கதிரையில் சப்பாத்தை வைத்து, அரிசி மூட்டை தைத்து வந்த நீலக் கயிற்றைக் கோத்துக் கட்டினேன். கோசலை பார்த்துவிட்டு, "இது ஒரு முதலாளியின்ர சப்பாத்தே?" என்றாள். முதலாளியால் குனிய முடிந்தால்தானே புது லேஸ் வாங்குவதற்கு.

செப்டெம்பர் 12

ஒரு பிள்ளை நோட்டீஸ் கட்டோடு கடைக்கு வந்தது. தாய்லாந்து முறையில் உடம்பு பிடித்துவிடுகிற இடமாம், கண்ணாடியில் ஒன்று ஒட்டலாமா என்று பணிவாகக் கேட்டது. நானும் பணிவாகத்தான் மறுத்தேன். முதல் வசனம் பணிவாக இருந்தது. அதற்குள் பக்கத்துப் புடவைக்கடை யோகநாதன் வந்துவிட்டான். பார்க்க ஆள் நின்றால் எனக்குப் பேச்சு தானாகக் கூடும்.

"இது குடும்பக் கடை. கோயில் நோட்டீஸ், சங்கீத வகுப்பு, கலியாண மண்டபம், இதுகளைத் தவிர வேறொண்டும் இந்தக் கண்ணாடியில ஏறாது" என்றேன். தமிழில். பிள்ளைக்கு விளங்கவில்லை, யோகநாதனுக்கு விளங்கியது. அவனுக்குத்தானே சொன்னது.

"தாய் மசாஜ் எண்டா என்னெண்டு தெரியும்தானே அண்ணை" என்று கண்ணைச் சிமிட்டினான். தெரியும் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாத விசயத்தில் இரண்டு ஆம்பிளையள் ஒத்துப்போனால் பிறகு அது தெரிந்த விசயம்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மிருணாளினிக்குப் புரைக்கேறியது. கோசலை அவள் உச்சந்தலையில் தட்டினாள், தேவைக்கு மேலேயே பலமாக. பிறகு என்னிடம், "தெரியாத விசயத்தைக் கடை வாசலில நிண்டு ஏன் கதைக்கிறியள்?" என்றாள்.

"தெரியாதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

அவள் புட்டுக்குக் குழம்பு ஊற்றினாள். அவ்வளவுதான்.

செப்டெம்பர் 24

கினே. பிசியோதெரபிக்கு இங்கே அதுதான் பெயர். வைத்தியர் எழுதித் தந்த ஒர்டோனான்ஸைக் காட்டினால் அரசாங்கச் செலவிலேயே பிடித்துவிடுவார்கள். இளம் பெண். உடுப்பைக் கழற்றச் சொன்னாள். எவ்வளவு மட்டும் என்று கேட்டேன். உள்ளுடுப்பு இருக்கட்டும் என்றாள். நான் கழற்றினேன். என் வயதில், பகல் வெளிச்சத்தில், மகள் வயதுப் பிள்ளைக்கு முன்னால். பசை பூசி நாரியில் கொஞ்ச நேரம் உருட்டினாள், பிறகு வயர்களை ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு முழங்கால். அதற்கடுத்த அறையில் ஒரு தோள். நாங்கள் மூன்று பேரும் தடுப்புக்கு இப்பாலும் அப்பாலும் கிடந்து அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த நாட்டில் மசாஜ் என்ற சொல் கினேக்காரருக்கு மட்டும்தான் சொந்தமாம், மற்ற ஆட்கள் அந்தச் சொல்லைப் போட்டுக் கடை திறக்கக்கூடாதாம். பெருமையாகச் சொன்னாள். பிறகு ஒரு றப்பர் பட்டியைத் தந்து இழுக்கச் சொன்னாள்.

யோகநாதனிடம் சொன்னேன். "பொம்பிளைப் பிள்ளையோ?" என்றான். ஒர்டோனான்ஸ் என்றேன். ஓ, அப்ப சரி என்றான். கடுதாசி இருந்தால் மானம் போகாது.

அக்டோபர் 5

கனகராஜ் என்று ஒரு ஆள், தமிழ்நாட்டுக்காரர், ஒபர்வில்லியேயில் வீட்டோடு எண்ணெய் வைத்தியம். "ஃப்ரீயா விடுங்க சார், பாடியை லூசா விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒரு துண்டுத் துணியைக் கட்டவைத்து, சூடான எண்ணெயைக் கழுத்திலிருந்து குதிவரை ஊற்றித் தேய்த்தார். சுகம்தான். பொய் சொல்லக் கூடாது. ஆனால் திரும்பிப் படுங்க சார் என்றபோது மேசையிலிருந்து வழுக்கிப் பாதி கீழே போய்விட்டேன். அதில் நாரி இன்னொரு முறை பிடித்தது.

திரும்பி வரும்போது ஆர்.இ.ஆர் ரயிலில் என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கவில்லை. கூட்ட நேரத்தில் இப்படி ஒரு வசதி கிடைப்பது அருமை.

அக்டோபர் 6

எண்ணெய் போய்விட்டது. நோவு இருக்கிறது.

அக்டோபர் 22

நேற்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டிலேயே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேனே. கோசலை வேலை செய்வதே ஒரு ஒஸ்தெயோவிடம். "உம்மட ஒஸ்தெயோவிட்டை ஒரு ரொந்தேவு எடுத்துத் தாருமன்" என்று நேரம் கேட்டேன்.

கறி அடிப்பிடிக்கிறது என்று அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் கறியே இருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அங்கிருந்தே, "அவர் லீவில போயிட்டார்" என்றாள்.

"எப்ப வருவார்?"

"நீண்ட லீவு."

முதலாளி இல்லாத கபினேயை நாள்தோறும் துடைக்கிறாள். பிரெஞ்சுக்காரர் சுத்தத்தில் அவ்வளவு கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு ஒஸ்தெயோவிடம் போனேன். சின்ன வயதில் மரத்தால் விழுந்தீரா, பல் எத்தனை கொட்டியது என்று நெடுநேரம் கேட்டான். பிறகு என்னைக் குறுக்கே மடித்து, மேலே சாய்ந்து, ஒரே நெரி. சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முடிந்தது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றான். தண்ணீர் குடிக்கிறேன். நோவும் குடிக்கிறது.

நவம்பர் 8

முசியே பெர்னார் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிசன், பின்னேரங்களில் வந்து எலுமிச்சைப்புல்லும் கறிவேப்பிலையும் வாங்குவார். நான் நாரியில் கைவைத்து நிற்பதைக் கண்டுவிட்டு, தனக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். எங்கே சுகம் வந்தது என்று கேட்டேன். அந்தத் தாய்லாந்து இடத்தைச் சொன்னார். நான் நோட்டீஸ் ஒட்டவிடாத இடம். நாகரிகத்துக்காகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நல்ல மரியாதையான இடமாம். காலால்கூட மிதித்து எடுப்பார்களாம். அதிலும் அழகானது ஒரு பழைய தாய்லாந்து மரபு என்றார். அவர்களுடைய கால் நம் உடம்பில் பட்டவுடன், பட்ட இடத்தைக் கையால் தொட்டு – இப்படி – என்று என் தோளைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினார்.

ஒரு வெள்ளைக்காரன். என் கடையில். அப்பளக் கட்டுகளுக்கு முன்னால் நின்று.

யோகநாதன் என் காலை மிதித்தால் அவன் செய்வது. நான் அவனுடையதை மிதித்தால் நான் செய்வது. எங்கட சனம் பள்ளிக்கூட வாங்கில இருந்து பழகின பழக்கம். தாய்லாந்தாம். மரபாம். எந்தத் தாய்லாந்துக்காரி தொட்டுக் கண்ணில ஒத்துவாள்?

எல்லாரும் செய்வார்களா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு அம்மாதானாம். மிகத் திறமையானவவாம். பெயர் மதாம் கோ.

மதாம் கோ.

ஒஸ்தெயோ நீண்ட லீவாம். கோதாரியில போன லீவு. பெர்னாருக்கு மீதிக் காசு கொடுக்க மறந்து, பிறகு தெருவுக்கு ஓடிப்போய்க் கொடுத்தேன். ஓடினேன். நாரி நோகவே இல்லை. அதையும் எழுதத்தானே வேண்டும்.

நவம்பர் 9

கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல சோறு.

நவம்பர் 15

எதற்குக் கோபம் என்று ஒழுங்காக யோசித்துப் பார்க்கிறேன். பொய் சொன்னதற்கா? வேற்று ஆம்பிளையளின் உடம்பைத் தொடுவதற்கா? கினேப் பிள்ளை என்னைத் தொட்டாள், உள்ளுடுப்போடு கிடந்தேன், அவள் வீட்டில் ஒருவன் இப்படி முழித்திருந்து யோசித்திருப்பானா? அவளுக்கு ஒர்டோனான்ஸ் இருக்கிறது. கோசலைக்கு என்ன இருக்கிறது?

கால். அதுதான் தொண்டையில் நிற்கிறது. ஒரு மனிசனில் கால் வைக்கிறாள். பிறகு தொட்டுக் கும்பிடுகிறாள். கும்பிடுகிறாளே, அப்போ மரியாதை தெரிந்துதான் வைக்கிறாள். மரியாதை தெரிந்தவள் ஏன் வைக்க வேண்டும்? பைத்தியம் பிடிக்கிறது.

ஊருக்குத் தெரிந்தால்? குடும்பக் கடை என்று கத்தினது நான்தானே. நானே ஊதின சங்கு.

நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன்.

நவம்பர் 21

போனேன். பெயர் கேட்டபோது யோகநாதன் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அது.

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைக்க வேண்டும். இது ஒன்றில் மட்டும் எங்கள் வீடு மாதிரி. முதலாளியம்மா தாய்லாந்துக்காரி, சின்னப் பெண்மணி. பெயர் நோய். உண்மையாகத்தான். அவர்கள் மொழியில் நோய் என்றால் சின்னது என்று அர்த்தமாம். நோய்க்கு மருந்து தேடி நோயிடம் வந்து சேர்ந்தேன்.

உடுப்பைக் கழற்றுவேன் என்று நினைத்துத் தயாராகப் போனால், இன்னும் ஒரு உடுப்பைத் தந்தாள். இரண்டு பேர் போடக்கூடிய அகலத்தில் பருத்திக் காற்சட்டை, மேற்சட்டை. எண்ணெய் இல்லை, பசை இல்லை, மேசை இல்லை. நிலத்தில் ஒரு மெத்தை, பக்கத்தில் ஒரு திரை. கினேயிடமும் கனகராஜிடமும் அவிழ்த்த மானத்தை இங்கேதான் திரும்பக் கட்டிக்கொண்டேன். யோகநாதன் கண் சிமிட்டின இடம் இது.

பிறகு சுடுதண்ணீரில் என் காலைக் கழுவினாள். கலியாணத்தில் மச்சான் கால் கழுவினதற்கு மோதிரம் போட்டேன். இங்கே போட மோதிரம் இல்லாமல் சும்மா இருந்தேன். படுத்த பிறகு என் காலடியில் இருந்து கைகூப்பினாள். நானும் படுத்தபடியே வணக்கம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காக நன்றி.

நோகிற இடத்தை அவள் தொடவே இல்லை. உள்ளங்கால், குதி, கெண்டைக்கால், தொடை என்று பெருவிரலாலும் உள்ளங்கையாலும் மெதுவாக ஏறினாள். நாரி இஞ்சை என்று காட்டினேன். உடம்பில் வழிகள் ஓடுகின்றன, நாரிக்குப் போகிற வழி காலில் தொடங்குகிறது என்றாள். கினே தேய்த்தாள், கனகராஜ் வழித்தார், ஒஸ்தெயோ நெரித்தான். இவள் சாய்ந்தாள். கையில் பலமே போடவில்லை. முழங்கையை வைத்து, முழங்காலை வைத்து, தன் பாரத்தை மட்டும் மெல்ல இறக்கினாள், பொறுத்தாள், எடுத்தாள். பாரத்தோடு சீவிக்கிறவன் நான், இது எனக்கு விளங்கியது.

விளங்காதது அடுத்தது. என் காலைத் தூக்கி மடிக்கப் பார்த்தாள். நான் தூக்கிக் கொடுத்தேன். வேண்டாம், நீங்கள் தூக்காதீர்கள், விடுங்கள் என்றாள். விட்டேன் என்றுதான் நினைத்தேன். கால் தானாகத் தூக்கிக்கொண்டே இருந்தது. மற்ற இடங்களில் கட்டையாகக் கிடந்தால் போதும். இங்கே உடம்பை இன்னொரு ஆளிடம் நம்பிக் கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. என்னை ஆர் தூக்கினது கடைசியாக?

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் கோசலையின் குரல். பிரெஞ்சில். "மூச்சை விடுங்கள் முசியே. காலை எனக்குத் தாருங்கள். அவசரம் இல்லை." கோசலைக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அவளுடைய குரல் குக்கர் விசிலுக்கு மேலே பேசுகிற குரல். இது ஒருவரும் குறுக்கே கதைக்காத இடத்து ஆளின் குரல்.

திரை நிலத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தலையைத் திருப்பினேன். அவளுடைய கால். குதி வெடித்த, மிஞ்சி போட்ட கால். அது ஒரு கிழவரின் தொடையில் இறங்கியது. உடனே கை வந்து தொட்டது, மேலே போனது. அந்தக் காலை அம்மியில் தூக்கி வைத்து மிஞ்சி போட்டது நான். தூக்கி வைத்தேன், போட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காலை நான் பிடித்ததே இல்லை. வெடிப்பு எப்போது வந்தது என்றும் தெரியாது.

முடிந்ததும் இஞ்சித் தேநீர் தந்தார்கள். குடிக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 22

காலையில் சப்பாத்தில் புது லேஸ் கோத்திருந்தது. இரண்டிலும். நீலக் கயிறு குப்பைக் கூடையில் கிடந்தது.

கோசலை தேநீர் ஊற்றினாள். இஞ்சி போட்டு.

டிசம்பர் 10

"அங்கை என்னை முழு நேரம் வரச் சொல்லுகினம். நிரந்தர வேலைக்குக் கொந்த்ரா எழுதித் தருவினம். வருசம் பிறக்க முன்னம் பதில் சொல்ல வேணும்" என்றாள்.

"ஒரு ஒஸ்தெயோவுக்கு அவ்வளவு துப்புரவு வேலையோ?"

"ஓம். சரியான ஊத்தை."

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மிருணாளினி தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள், சிரிக்கிற சத்தம் கேட்டது. யோசிப்பம் என்றேன்.

"யோசியுங்கோ. வேண்டாமெண்டா வேண்டாம். ஆனா ஏன் வேண்டாமெண்டும் சொல்ல வேணும்."

கெட்டிக்காரி. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நான் எப்படிக் கண்டேன் என்று சொல்ல வேண்டும். காலைச் சுற்றின பாம்பு. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவாள், அது எனக்குத் தெரியும். விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். மிச்சக் காலமெல்லாம் அந்தக் குக்கர்க் குரல்தான் எனக்கு.

டிசம்பர் 21

படுத்தபடி எழுதுகிறேன்.

நேற்று பெரிய நோவு வந்தது. அரிசி மூட்டையால் வந்திருந்தால் ஒரு கௌரவம். விழுந்த அப்பளப் பைக்கற்றை எடுக்கக் குனிந்தேன், அப்படியே பூட்டிவிட்டது. நிமிரவும் முடியாது, விழவும் முடியாது. கடைசியில் அரிசி அடுக்குக்கும் தேங்காய்ப்பால் அடுக்குக்கும் இடையில் நிலத்தில் போய்ப் படுத்தேன். நத்தார், வருசப் பிறப்புக் கூட்டம் வாசலில். யோகநாதன் ஓடிவந்து, அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கவோ அண்ணை என்றான். வேண்டாம் என்றேன். அம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் கத்தி. கோசலைக்கு அடி என்றேன்.

அவள் வேலை உடுப்போடே ஓடிவந்தாள். அகலக் காற்சட்டை, நெஞ்சில் தாய்லாந்து இடத்தின் பெயர் தைத்த சட்டை. யோகநாதன் அதை வாசித்தான். வாயைத் திறந்தான். பிறகு என்னைப் பார்த்து மூடினான்.

"யோகண்ணை, கதவைச் சாத்திப்போட்டு வெளியில நில்லுங்கோ" என்றாள். அந்தக் குரலில். அவன் போனான். கார்ட்டோன் மட்டைகளைப் பிரித்து விரித்து, என்னை மெல்ல உருட்டி அதில் கிடத்தினாள். காலடியில் போய் இருந்தாள்.

"காலைத் தாங்கோ."

எனக்கு நோவு, வெட்கம், எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "எத்தினை பேர் தந்திருக்கினம் உமக்கு?"

"நீங்கள் நோயிட்டைத் தந்தனீங்கள்தானே? அவவிட்டைத் தந்த காலை எனக்குத் தந்தா என்ன?"

நான் தேங்காய்ப்பால் அடுக்கைப் பார்த்தேன்.

"யோகநாதனெண்டு பேர் குடுத்தாத் தெரியாதோ? வாசலில அரிசிமூட்டைக் கயிறு கட்டின சப்பாத்து. பாரிசில வேற ஆரிட்டை இருக்கு அப்பிடிச் சப்பாத்து?" சொல்லிக்கொண்டே உள்ளங்காலை அமத்தத் தொடங்கியிருந்தாள். "அங்கை முதல்ல துடைக்கத்தான் போனனான். நோய்தான் என்ர கையைப் பிடிச்சுப் பாத்திட்டுப் பழக்கினவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளே?"

மாட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"கண்டிட்டும் நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா, போனதையும் சொல்ல வேணும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடைய கையால் வந்து என் கெண்டைக்காலில் குலுங்கியது. நெடுநேரம் கால், தொடை, இடுப்பு என்று சாய்ந்து சாய்ந்து எடுத்தாள். வெளியே ஆரோ கதவைத் தட்டினார்கள், யோகநாதன் "கணக்கெடுப்பு நடக்குது" என்று சொல்வது கேட்டது. நல்ல பெடியன். காலைத் தூக்கும்போது, தூக்கிக் குடுக்காதேங்கோ, விடுங்கோ என்றாள். விட்டேன். இந்த முறை உண்மையாக விட்டது.

"இனிக் கால் வைக்கப்போறன்."

"முதுகிலயோ?"

"விசரே? முள்ளந்தண்டில ஒருநாளும் வைக்கிறேல்லை. தொடையில."

அரிசி அடுக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கால் வந்தது. பாரம் மெல்ல, மெல்ல இறங்கியது. மிஞ்சி துணிக்கு மேலால் அழுத்துவது தெரிந்தது எனக்கு. நான் காத்துக்கொண்டு கிடந்தேன். கை வரும், தொடும், கண்ணுக்குப் போகும் என்று. பெர்னாருக்குச் செய்தாளே. அந்தக் கிழவருக்குச் செய்தாளே. வரவில்லை.

எனக்குத்தான் இல்லையா? வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எல்லாருக்கும் தொட்டுக் கும்பிடுவீராம். எனக்கில்லையோ?"

"அவை பிறத்தி ஆக்கள். கால் பட்டா கும்பிடத்தானே வேணும்." காலை எடுக்காமலே சொன்னாள். "தன்ர கால் தன்னில பட்டா ஆர் கும்பிடுறது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோகுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த நேரம் நோகவில்லை.

"மற்றக் காலையும் வையும்" என்றேன்.

பின்னேரம் பிடித்துப் பிடித்து எழும்பி நின்றேன். நோவு முழுக்க மாறவில்லை, மாறும் என்றாள், மூட்டையை இனி ஆள் வைத்துத் தூக்க வேண்டுமாம். ரயிலில் வரும்போது, கொந்த்ராவில் கையெழுத்து வையும் என்றேன்.

"ஒஸ்தெயோவிட்டையோ?"

"ஓம். ஒஸ்தெயோவிட்டைத்தான்."

2014 ஜனவரி 9

யோகநாதன் ரகசியமாக ஒரு ரொந்தேவு கேட்டான். தோளாம். மனைவிக்குத் தெரிய வேண்டாமாம். என்ன பெயரில் எடுக்க என்று கேட்டேன்.

பெப்ரவரி 3

வைத்தியரிடம் போனேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மனைவி மிதித்தாள் என்றேன். என் பிரெஞ்சு பிழை என்று நினைத்து, வேறு சொல் ஒன்று எழுதிக்கொண்டார். ஒப்பரேசன் பேச்சு இல்லை.

ஏப்ரல் 12

நாரி நோகவில்லை.

புது நோட்டீஸ் வந்தது. கோசலை கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சனிக்கிழமைக் கூட்டம். இருந்தாலும் ஸ்டூலில் ஏறி, கோயில் நோட்டீஸுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டினேன். அதில் ஒரு படம்: ஒரு கை கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறது. கீழே "தாய்லாந்தின் பழைய மரபு" என்று இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள் என்று நோய் இப்போது தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கிவிட்டாளாம்.

இறங்கும்போது என் கால் பின்னால் நின்ற ஆளின் காலில் இடித்துவிட்டது. பார்த்தால் முசியே பெர்னார், கையில் எலுமிச்சைப்புல். என் கை என்னைக் கேட்காமலே போய் அவரைத் தொட்டு என் கண்ணில் ஒற்றியது.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆ, நீங்களும் அங்கே போய்த்தான் இதைப் பழகினீர்களா என்றார்.

ஓம், அங்கேதான் முசியே என்றேன். மதாம் கோ என் மனைவி.

வரிசையில் கோயில்காரர் நின்றார்கள், புடவைக்கடை வாசலில் யோகநாதன் நின்றான். பிரெஞ்சில் சொன்னது சிலருக்கு விளங்காமல் போயிருக்கும் என்று தமிழிலும் ஒருதரம் சொன்னேன்.